சாது மிளகாய்

விதைப் பொட்டலத்தின் மேல் அந்த மிளகாய்க்கு ஏதோ நீளமாக ஒரு பெயர் போட்டிருந்தது. அதை யார் நினைவில் வைத்திருந்தார்கள்? டெய்லர் வைத்த பெயர்தான் நிலைத்தது. முதல் காயைப் பறித்த அன்று மொட்டை மாடியிலேயே நின்று பாதி கடித்து, மென்று, கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, மிளகாய்னு பேரை வச்சுக்கிட்டு ஒரு கோபம்கூட வர மாட்டேங்குதே! சரியான சாது" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டில் அது சாது மிளகாய்தான்.

சுத்தமாக உறைக்காது என்று சொல்லிவிட முடியாது. மென்று விழுங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் லேசாக ஒரு சூடு வரும், வந்த சுவடு தெரியாமல் போய்விடும். டெய்லருக்கு அதுவே போதும். பத்து வருஷத்துக்கு முன்னால் அவருக்கு வயிற்றுப்புண் வந்து, காரத்தையே கண்ணில் காட்டக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரம் இல்லாமல் சோறு இறங்காத மனுஷன் அவர். இரண்டு மாசம் பாலும் ரொட்டியுமாகத் தின்று தின்று எரிச்சல் தலைக்கேறி, சட்டை தைக்கக் கொடுத்தவர்களோடெல்லாம் சண்டை பிடித்தார். ஒரு பேங்க் மேனேஜருக்குக் காலரைத் தலைகீழாக வைத்துத் தைத்துவிட்டு, அதுதான் இப்போது ஃபேஷன் என்று சாதித்தாரே, அதைக் கேட்ட பிறகுதான் அவர் மனைவி இதற்கு ஏதாவது வழி பண்ண வேண்டும் என்று கிளம்பினாள்.

அவள் ஒரு பெரிய லாண்டரியில் இஸ்திரி போடுகிறவள். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்பும் ஓட்டல் மேஜைத்துணியும் மூட்டை மூட்டையாக வருகிற இடம். அங்கே துணி போட வரும் ஒரு டீச்சரிடம் வாங்கி வந்ததுதான் அந்த விதை. டீச்சர் வளர்க்கும் முறையையும் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் விதையை ஊறப்போட்டு, முட்டை அட்டையின் குழிக்கு இரண்டாகப் போட்டு, நாலு இலை வந்ததும் தேறியதை வைத்துக்கொண்டு நோஞ்சானைக் கிள்ளிவிட வேண்டும். முதலில் வரும் பூவை ஆசைப்படாமல் கிள்ளிப் போட வேண்டும், அப்போதுதான் செடி பலமாகும். பெயிண்ட் வாளிகளின் அடியில் ஓட்டை போட்டு, அரித்த மண்ணும் காய்ந்த சாணமும் கலந்து, மாடியில் வரிசையாகப் பதினாலு வாளி வைத்தாள். சாயும் கிளைகளுக்குக் குச்சி நட்டுக் கட்ட, டெய்லரின் கடையில் துண்டுத்துணிக்கா பஞ்சம்? பள்ளிக்கூடச் சீருடை நீலத்திலும், யாரோ கல்யாணத்துக்குத் தைத்த கோட்டுச் சாம்பலிலும் முடிச்சுப் போட்டுக்கொண்டு அந்தச் செடிகள் நின்றன.

காய்கள் வெளிர்பச்சையாக, விரல் நீளத்துக்குக் கொழுகொழுவென்று காய்க்கும். நீள வாக்கில் கீறி, நடுநரம்பை எடுத்துவிட்டு, உருளைக்கிழங்கை மசித்து அடைத்து எண்ணெயில் புரட்டி எடுப்பாள். முட்டையில் வட்ட வட்டமாக அரிந்து போடுவாள். மிஞ்சினால் வினிகரில் ஊறப்போட்டு ஜாடியில் அடைப்பாள். டெய்லருக்குப் பிடித்தது வேறு. முழு மிளகாயை அடுப்புத் தீயில் காட்டி, தோல் கருகி வெடித்ததும் உரித்து, வெங்காயம் உப்போடு கையால் பிசைந்து சூடான சோற்றில் போட வேண்டும். "உன் புண்ணியத்துல நானும் காரம் சாப்பிடுறேன், மகாராணி" என்பார். மகாராணி என்பது அவர் அவளைக் கூப்பிடும் பெயர். அவள் அவரை, எல்லா வாடிக்கைக்காரர்களும் கூப்பிடுகிற மாதிரியே, மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள், ஆனால் கொஞ்சம் கேலி சேர்த்து.

இப்படியாகப் பத்து வருஷம் ஓடிப்போன வீட்டில்தான் அந்தக் காய்ச்சல் வந்தது.

ஒன்பது நாள் அவள் கண் திறக்கவில்லை. பத்தாவது நாள் எழுந்து உட்கார்ந்து, டெய்லர் கொடுத்த கஞ்சியை இரண்டு வாய் குடித்துவிட்டு, "உப்பு போட மறந்துட்டீங்களா மாஸ்டர்?" என்றாள். அவர் போட்டிருந்தார். சந்தேகத்துக்கு இன்னொரு சிட்டிகை போட்டார். பிறகு இன்னொன்று. அவரே ஒரு வாய் குடித்துப் பார்த்தால் உப்புக் கரித்தது. அவள் மட்டும் வெறும் தண்ணீரைக் குடிப்பதுபோல் முகத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் குடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு நாள் கழித்து அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்து, வாசலை ஒட்டிய கடையில் மெஷின் மிதித்துக்கொண்டிருந்த டெய்லர் நாற்றம் தாங்காமல் உள்ளே ஓடினார். அவள் அடுப்புக்குப் பக்கத்திலேயே ஸ்டூலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசனையும் ருசியும் இரண்டும் சேர்ந்தே போய்விட்டன. டாக்டர், "தானா திரும்பி வரும், ஆனா எப்ப வரும்னு சொல்ல முடியாது. அதுவரைக்கும் சாப்பாட்டை மட்டும் விட்டுடாதீங்க, ரொம்ப இளைச்சா உடம்பு தாங்காது" என்று சொல்லி அனுப்பினார்.

"எப்படித்தான் இருக்கு? மண்ணைத் திங்கிற மாதிரியா?" என்று டெய்லர் ஒருநாள் கேட்டார்.

"மண்ணுக்காவது ஒரு வாசனை இருக்கே. இது கனவுல சாப்பிடுற மாதிரி மாஸ்டர். கை வாய்க்குப் போகுது, வாய் மெல்லுது, ஆனா வயிறு நம்ப மாட்டேங்குது."

அவள் சொன்ன பிறகு அவருக்கும் எல்லாம் அப்படித்தான் தெரிய ஆரம்பித்தது. அரை நாள் வேலைக்கு மறுபடி போகத் தொடங்கியிருந்தாள். அவளை விட்டுவர லாண்டரி வாசல் வரை போவார். உள்ளே ஒரே ஆவி. வெள்ளை விரிப்புகள் கயிற்றிலும் உருளைகளிலும் மெதுவாக நகர்ந்துகொண்டிருக்கும். அந்த வெள்ளைக்குள் அவள் நடந்து போவாள், முதலில் கால் மறையும், பிறகு முதுகு, கடைசியில் தலை. இவர் வாசலிலேயே நிற்பார். திரும்பி வரும்போது தெரு, கடைகள், சைக்கிள் மணி எல்லாம் தண்ணீருக்கு அடியில் இருப்பதுபோல் சத்தம் குறைந்து கேட்கும். சாயங்காலங்களில் அவள் மாடியில் மிளகாய் வாளிகளுக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வாள். ஒரு இலையைக் கசக்கி மூக்கில் வைத்துப் பார்ப்பாள். வைத்துக்கொண்டே இருப்பாள். சூரியன் இறங்கி வானம் பீர்க்கம்பூ நிறத்துக்கு வந்து அதுவும் போகும் வரைக்கும் அந்தக் கை மூக்கைவிட்டு இறங்காது.

அவளுடைய தங்கை பல் ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிறவள். வாரம் தவறாமல் பிளாஸ்கில் சூப்போடு வந்து நிற்பாள். வாய் என்றால் வாய், காதில் பஞ்சு வைத்துக்கொண்டாலும் கேட்கும்.

"சாப்பிடுக்கா. மருந்துன்னு நெனைச்சு முழுங்குக்கா. ஏன் மாமா, நீங்க சொல்ல மாட்டீங்களா? ஊமையா நிக்கிறீங்க!"

பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், லாண்டரியில் கூட இருக்கிறவர்கள் சொன்னார்கள், பால்காரன்கூடச் சொன்னான். இரண்டாம் மாசம் ஒருநாள் அவள் தட்டைத் தள்ளிவிட்டு, "இனிமே ஒருத்தரும் என்னைச் சாப்பிடுன்னு சொல்லக்கூடாது. சொன்னா சத்தியமா ஒரு பருக்கை தொட மாட்டேன்" என்று கத்திவிட்டாள். தங்கை அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை, அடுத்த வாரமும் வந்து அதையேதான் சொன்னாள். பால்காரனும் நிறுத்தவில்லை. பயந்து வாயை மூடிக்கொண்டவர் டெய்லர் ஒருவர்தான்.

வாய்தான் மூடிக்கொண்டதே தவிர, டெய்லரின் கண்ணை யார் மூடுவது? முப்பது வருஷமாக மனுஷ உடம்பை இஞ்சு இஞ்சாகப் பார்த்த கண். ஒரு காலை அவள் வேலைக்குக் கிளம்பும்போது, லாண்டரிக்குப் போட்டுப் போகும் சட்டையின் தோள்பட்டைத் தையல் தோளைவிட்டு இறங்கி நின்றது. முதுகில் துணி மடிந்து தொங்கியது. அவளே கண்ணாடி முன் நின்று சட்டையைப் பின்னால் இழுத்துப் பிடித்துப் பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிட்டாள். அந்த முகத்தை அவரால் தாங்க முடியவில்லை. அன்று அவள் போனதும் அவளுடைய மற்ற சட்டைகளை எடுத்து, இரண்டு பக்கமும் கால் இஞ்ச் உள்ளே பிடித்துத் தைத்துவிட்டார். மறுநாள் சட்டை கச்சிதமாக நின்றது. அவள் கண்ணாடியைப் பார்த்தாள், பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். டெய்லருக்கு ஒரு பெரிய ஆபத்தைத் தடுத்துவிட்ட திருப்தி.

இரண்டு வாரம் கழித்து மறுபடி தொளதொளத்தது. மறுபடி பிடித்தார். பிறகு இன்னொரு தடவை. ஆறு சட்டை, ஒவ்வொன்றிலும் பக்கத் தையல், கைத் தையல், தோள். அவள் அரை நாள் வேலைக்குப் போகிற நேரத்தில் முடித்து, கொடியில் இருந்தது இருந்தபடி தொங்கவிட்டுவிடுவார். உலகத்தில் எந்தத் திருடனும் இவ்வளவு சுத்தமாகத் தொழில் பண்ணியிருக்க மாட்டான்.

அதன் வினை ஒருநாள் நேராகவே வந்து முகத்தில் அறைந்தது. தங்கை வந்து, "எலும்பும் தோலுமா ஆயிட்டியேக்கா" என்று மூக்கைச் சிந்தினாள்.

"யாரு, நானா?" என்றாள் அவள். "என் சட்டையெல்லாம் எனக்குச் சரியாத்தானே இருக்கு. இளைச்சிருந்தா தொங்காதா? ஏன் மாஸ்டர், நீங்க சொல்லுங்க. தொழில்காரர் நீங்க."

டெய்லர் ஊசியில் நூல் கோப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார். "சரியாத்தான் இருக்கு" என்றார். அடப்பாவி மனுஷா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவள் நம்பிவிட்டாள், சட்டையை நம்பி உடம்பை விட்டுவிட்டாள், அவளைக் கொல்வது காய்ச்சல் இல்லை, என் ஊசிதான் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. நாளைக்கே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். அந்த நாளை வரவே இல்லை. சட்டை ஐந்தாவது தடவையும் தொளதொளத்தது. ஐந்தாவது தடவையும் பிடித்தார்.

இதற்கெல்லாம் நடுவில் மாடியை யார் நினைத்தார்கள்? காய்ச்சல் வந்த நாளிலிருந்து தண்ணீர் ஊற்றுவது டெய்லரின் பொறுப்பு. முதல் மாசம் ஒழுங்காக ஊற்றினார். பிறகு வெயில் ஏறிவிட்டது, பள்ளிக்கூடம் திறக்கிற சமயம், சீருடைத் துணி மலையாகக் குவிந்துவிட்டது. மூன்று நாளைக்கு ஒருதரம், நாலு நாளைக்கு ஒருதரம் என்று போனது. மத்தியானத்தில் செடிகள் இலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றன. காய்கள் கொழுகொழுப்பு போய், சிறுத்து, வளைந்து, மேல்தோலில் பழுப்புக் கீறல் விழுந்து காய்த்தன. அவள் தினமும் அங்கேதான் உட்கார்ந்தாள், ஆனால் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன் செடி வாடினால் ஊரைக் கூட்டுகிறவள் அவள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடை மூடியிருந்தது. டெய்லர் சோறு வடித்து, மாடிக்குப் போய்க் கையில் அகப்பட்ட நாலு காயைப் பறித்து வந்து, தீயில் காட்டி உரித்து, ஒன்றை வெங்காயம் உப்போடு பிசைந்தார். அவள் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டில் அரைக் கரண்டிச் சோறும் கொஞ்சம் பருப்பும் இருந்தன. டெய்லர் முதல் வாயைப் போட்டார். இரண்டு நொடி ஒன்றும் இல்லை. மூன்றாவது நொடியில் கண்ணில் தண்ணீர், தொண்டையில் விக்கல், காது இரண்டும் சிவந்துவிட்டன.

"என்ன மாஸ்டர்?"

"உ... உறைக்குது!"

"எது, சாதுவா? சும்மா கதை விடாதீங்க."

"கதையா? சாது இல்லம்மா இது, ரவுடி! தண்ணி... தண்ணியக் குடு!"

அவள் தண்ணீரைக் கொடுத்தாள். அவர் குடித்துக் குடித்து விக்குவதைப் பார்த்து அவள் உதடு ஓரமாகக் கொஞ்சம் அசைந்தது. நாலு மாசத்தில் அது சிரிப்புக்கு மிகப் பக்கத்தில் வந்த சமாச்சாரம். "தண்ணி காய விட்டா இதுவும் உறைக்கும்னு டீச்சர் அன்னைக்கே சொன்னாங்க. பட்டினி போட்டீங்களா என் செடியை?" என்று கேட்டுக்கொண்டே, தட்டில் இருந்த சுட்ட மிளகாயில் ஒன்றை எடுத்துக் காம்புப் பக்கமாகப் பாதி கடித்தாள்.

மென்றாள். நிறுத்தினாள். கண் அகலமாகத் திறந்தது.

"என்னம்மா?"

அவள் கையைக் காட்டி அவரைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். மறுபடி மென்றாள். மூக்கு நுனி சிவந்தது, கண் கலங்கி வழிந்தது. "என்னமோ இருக்கு" என்றாள் மெல்ல, சத்தம் போட்டால் ஓடிவிடும் என்கிற மாதிரி. "ருசி இல்ல மாஸ்டர். ருசி வரல. ஆனா சுடுது. நாக்கு இருக்குன்னு தெரியுது."

மீதிப் பாதியைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய். மூன்று, நாலு. டெய்லர் விக்கலை அடக்கிக்கொண்டு, மூச்சு விட்டால்கூடக் கலைந்துவிடும் என்று அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு வாயோடு அவள் தட்டை நகர்த்திவிட்டாள்.

"போதும். இதுக்கு மேல சாப்பிட்டா சட்டை பத்தாது. நீங்க தச்சு வச்சிருக்கிற அளவுக்கு நான் இருக்க வேண்டாமா?"

டெய்லரின் விக்கல் பட்டென்று நின்றுவிட்டது.

"தெரியுமா உனக்கு?"

"இருபத்திரண்டு வருஷமா இஸ்திரி போடுறேன் மாஸ்டர். பெட்டிக்கு அடியில தையல் தடிச்சா கைக்குத் தெரியாதா? முதல் தடவை தைச்ச அன்னைக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் ஒரு வார்த்தை கேக்கல? உன் தங்கச்சி முன்னாடி சரியாத்தான் இருக்குன்னியே?"

"உங்களைக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?" அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "ஊர்ல உள்ளவங்க எல்லாம் சாப்பிடு சாப்பிடுன்னு உயிரை எடுத்தாங்க. நீங்க மட்டும் ஒரு நாள் சொல்லல. சத்தமில்லாம தச்சுத் தச்சு மாட்டி வச்சீங்க. சரி, மனுஷன் மனசைத் தேத்திக்கிட்டாரு, இவ போகப் போறவன்னு முடிவு பண்ணிட்டாரு, போற வரைக்கும் பாக்க லட்சணமா இருக்கட்டும்னு அளவைக் குறைச்சுக்கிட்டே வர்றாருன்னு நெனைச்சேன்."

"நீதானே யாரும் சொல்லக்கூடாதுன்னே!"

"எல்லாரையும்தான் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல. நீங்க மட்டும் ஏன் கேட்டீங்க?"

டெய்லர் எழுந்து முன்னறைக்குப் போனார். கொடியில் தொங்கிய அவளுடைய நீலச் சட்டையை உருவிக்கொண்டு வந்தார். சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே சட்டையைப் போட்டு, உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டிப் பக்கத் தையலை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"பாரு. தடிச்சுதுன்னியே, ஏன் தடிச்சுதுன்னு பாத்தியா? கண்ணைத் திறந்து பாரு. வெட்டியிருந்தா தடிக்குமா? ஒரு நூலு, ஒரே ஒரு நூலு துணி வெட்டியிருக்கேனா?"

அவள் குனிந்து பார்த்தாள். ஒன்றுக்குள் ஒன்றாக ஐந்து தையல் வரி ஓடியது. வரிகளுக்கு அந்தப் பக்கம், பிடித்த துணி அத்தனையும், ஓரம்கூடக் கத்தரிக்காமல், மடித்து உள்ளே விட்டிருந்தது. அவள் நகத்தால் ஒவ்வொரு வரியாகத் தொட்டுக்கொண்டே போனாள். கடைசியில் பழைய, முதல் தையலின் ஊசித் தடம் வந்தது. விரல் அங்கேயே நின்றது.

"போகப் போறவளுக்கு எவனாவது துணியை உள்ள விட்டு வைப்பானாடி?" டெய்லரின் குரல் உடைந்துவிட்டது. முப்பது வருஷத்தில் அவர் அவளை 'டி' போட்டுப் பேசியதில்லை. "திரும்பப் பிரிச்சு விடணும்னுதானே... நீ பழையபடி ஆனதும் ஒவ்வொரு வரியா பிரிக்கணும்னுதானே..."

"நான் தடிப்புன்னுதான் பாத்தேன் மாஸ்டர்" என்றாள் அவள். "துணின்னு பாக்கல." முந்தானை இருக்கும் நினைப்பில் தோளில் முகத்தைத் துடைக்கப் போய், சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டாள். மிளகாய்க் கண்ணீர் எது, மற்றது எது என்று யார் பிரித்துச் சொல்வது?

டெய்லர் அவள் தள்ளிவைத்த தட்டை இழுத்தார். இன்னொரு கரண்டிச் சோறு போட்டார். மிச்சமிருந்த இரண்டு மிளகாயையும் அதில் பிசைந்து, தட்டை அவள் முன்னால் தட்டென்று வைத்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "சாப்பிடு!" என்று கத்தினார்.

அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். "கத்தாதீங்க, வயித்துக்கு ஆகாது" என்றாள். பிறகு கையைத் தட்டில் வைத்தாள்.

அந்தத் தட்டைக் காலி பண்ண அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் இரண்டு தடவை நிறுத்தினாள். மூக்கைச் சிந்தினாள், தண்ணீர் குடித்தாள். டெய்லர் எதிரிலேயே உட்கார்ந்து, மடியில் அந்தச் சட்டையோடு, அவள் வாய்க்குப் போகிற ஒவ்வொரு கவளத்துக்கும் "சாப்பிடு" என்றார், "சாப்பிடும்மா" என்றார். சொல்லாதே என்று அவள் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.